ஐந்தே ஆண்டு இருந்தார் என்றால் தோற்றுப்போனார் என்று அர்த்தமா?

வேலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் கொள்ளுத் தாத்தாவின் தம்பி நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர். அவர் வழி உறவினர்கள் டர்பனில் இருப்பது அண்மையில்தான் தெரிய வந்தது. அவர்களில் பெரியப்பா முறை ஆகும் ஒருவர் குவாசுலு-நேட்டால் மாகாணச் சட்டமன்றத்தில் ஒரே ஒரு பதவிக்காலம் உறுப்பினராக இருந்தாராம். எந்தத் தொகுதி என்று கேட்டேன், தொகுதியே கிடையாது என்கிறார்கள். ஏன் மறுபடி நிற்கவில்லை என்று கேட்டேன், சிரிக்கிறார்கள். மக்கள் தோற்கடித்துவிட்டார்களா? அந்த ஐந்து ஆண்டில் அவர் என்னதான் செய்திருப்பார்?"

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள அந்தச் சட்டமன்றத்தில், ஒரு கட்சியின் அலுவலகத்தில் ஆய்வாளனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உறுப்பினர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பது, வரவுசெலவுத் திட்டப் புத்தகத்தில் பார்க்க வேண்டிய பக்கங்களில் காகிதம் சொருகி வைப்பது, கேள்விகளைத் தயாரிப்பது, இதுதான் வேலை. ஒரே பதவிக்காலத்தோடு வீட்டுக்குப் போனவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் உறவினர்கள் ஏன் சிரித்தார்கள் என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் காட்பாடித் தொகுதியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். இங்கே கணக்கே வேறு.

தென்னாப்பிரிக்காவில் மாகாணச் சட்டமன்றத்துக்கு யாரும் ஒரு தொகுதியில் நிற்பதில்லை. வாக்காளர் கட்சிக்கு வாக்களிக்கிறார். மாகாணம் முழுவதும் ஒரே தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்சியும் தேர்தலுக்கு முன்பே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுப் பெயர்ப் பட்டியல் கொடுத்துவிடும். கிடைத்த வாக்குக்கு ஏற்பப் பத்து இடம் என்றால், பட்டியலின் முதல் பத்துப் பேர் உள்ளே. பதினோராவது ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வெளியே. வாக்காளர் அந்த வரிசையை மாற்ற முடியாது.

குவாசுலு-நேட்டாலில் 80 இடங்கள். அரசியல் சட்டம் ஒரு மாகாணச் சட்டமன்றத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே அதுதான். அண்மைத் தேர்தல்களில் இந்த மாகாணத்தில் பதிவாகும் வாக்கு 35 இலட்சத்தைச் சுற்றி இருக்கிறது. அப்படியானால் ஓர் இடத்தின் விலை ஏறக்குறைய 43,000 வாக்கு. மிச்ச வாக்குகளைப் பங்கு போடும் முறையும் இருப்பதால் அதற்குக் குறைவாகப் பெற்ற சிறு கட்சிக்கும் சில நேரம் ஓர் இடம் தட்டுப்படும். 2024 முதல் கட்சி சாராதவர்களும் நிற்கலாம். 2020இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவு அது. நின்றார்கள், ஒருவரும் வெல்லவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2019இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் இந்தச் சட்டமன்றத்தில் 44 இடம் பெற்றது. 2024இல் அது 14 ஆனது. ஒரே இரவில் முப்பது நாற்காலி. அந்த முப்பதில் எத்தனை பேர் உழைத்தவர், எத்தனை பேர் தூங்கியவர் என்று எந்த வாக்காளரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்க வாக்குச்சீட்டில் வழியும் இல்லை. முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமாவின் எம்.கே. கட்சி முதல் தேர்தலிலேயே 37 இடத்தோடு வந்து உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் இன்காதா சுதந்திரக் கட்சியைப் பாருங்கள். 1994இல் 41, பிறகு 34, 30, 18, 9 என்று படிப்படியாக இறங்கி, மறுபடி 13, 15 என்று ஏறியிருக்கிறது. 2011இல் அதிலிருந்து பிரிந்து பிறந்த தேசிய சுதந்திரக் கட்சிக்கு 2014இல் ஆறு உறுப்பினர்கள், 2019இல் ஒருவர். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கி 2009இல் ஓர் இடம் பிடித்த கோப் கட்சிக்கு 2014இல் அதுவும் இல்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு கூட்டம் ஆட்கள் "ஒருமுறை உறுப்பினர்" ஆகிறார்கள். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் சிறியதாகிவிட்டது, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

கட்சி இறங்காமலேயே ஆள் இறங்குவதும் உண்டு. பட்டியல் தயாராகும் வாரங்களில் எங்கள் மாடியில் யாரும் சரியாகச் சாப்பிட்டதில்லை. இறுதிப் பட்டியல் கைக்கு வந்ததும் ஓர் உறுப்பினர் அதை எப்படிப் படிப்பார் தெரியுமா? முதல் பெயரிலிருந்து தொடங்க மாட்டார். போன முறை கட்சிக்கு எத்தனை இடம் கிடைத்ததோ அந்த எண்ணில் நேராக விரலை வைப்பார். அங்கிருந்து மேல்நோக்கித் தன் பெயரைத் தேடுவார். விரல் மேலே போகப் போக முகம் மாறும். மேலே இல்லை என்று ஆனபிறகுதான் கீழே பார்ப்பார். கீழே பெயர் இருந்தால் அதற்கு அடுத்த நொடி, "சரி, வேலையைப் பார்ப்போம்" என்று என்னிடம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதே சொல்லை வெவ்வேறு ஆட்கள் வாயால் மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

பெயர் கீழே போவதற்குக் காரணம் எப்போதும் சூழ்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 2007ஆம் ஆண்டு பொலொக்வானே மாநாட்டில் பெண்களுக்குச் சரிபாதி என்று முடிவெடுத்தது. அது நியாயம்தான், ஆனால் பட்டியலின் நடுவில் இருந்த ஆண்கள் பலர் ஒரே தாவலில் பல படி இறங்கினார்கள். சிலரைக் கட்சியே கேப்டவுன் நாடாளுமன்றத்துக்கோ நகராட்சிக்கோ மாற்றி அனுப்பும். இன்னும் சிலர் நடுவில் வந்தவர்கள். ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இங்கே இடைத்தேர்தல் கிடையாது, பட்டியலில் அடுத்த ஆளை அழைப்பார்கள். ஒன்றரை ஆண்டு மட்டும் நாற்காலியில் இருந்துவிட்டு வாழ்நாள் முழுவதும் "மாண்புமிகு" என்று அழைக்கப்படுபவர்களையும் எனக்குத் தெரியும். உங்கள் பெரியப்பா முழு ஐந்து ஆண்டு இருந்தாரா, நடுவில் வந்தாரா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பங்களில் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள்.

கட்சித் தாவல் என்ற ஒன்றும் இருந்தது, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். இங்கே அதற்கு நாள் குறித்து வைத்திருந்தார்கள்! 2003இல் வந்த அரசியல் சட்டத் திருத்தப்படி, பதவிக்காலத்தின் இரண்டாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் செப்டம்பர் 1 முதல் 15 வரை, இருக்கையோடு கட்சி மாறலாம். கட்சியின் உறுப்பினர்களில் பத்து விழுக்காட்டினராவது சேர்ந்து போக வேண்டும் என்பது நிபந்தனை. ஒற்றை உறுப்பினர் கட்சியில் அந்த ஒருவரே நூறு விழுக்காடு, ஆகவே அவர் போனால் கட்சியே போயிற்று. 2009 ஜனவரியில் இந்தக் கூத்தை ஒழித்தார்கள். இப்போது கட்சியை விட்டால் இருக்கையும் போய்விடும். உங்கள் பெரியப்பா 2009க்கு முந்தியவர் என்றால், சேர்ந்த கட்சியும் முடிந்த கட்சியும் ஒன்றுதானா என்று மெதுவாக விசாரியுங்கள். பண்டிகை நாளில் கேட்க வேண்டாம்.

"என்ன செய்திருப்பார்" என்ற இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது.

சட்டம் இயற்றினார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். மாகாணத்துக்குச் சொந்த வருமானம் மிகச் சொற்பம், பணம் பெரும்பாலும் பிரிட்டோரியாவில் உள்ள மத்திய அரசிடமிருந்து வருகிறது. வந்த பணத்திலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்விடும், அதிலும் பெரும்பகுதி சம்பளம். ஆண்டுதோறும் நிறைவேறும் முக்கியமான சட்டம் வரவுசெலவுச் சட்டம்தான். 1996இல் இந்தச் சட்டமன்றம் தனக்கென ஒரு மாகாண அரசியல் சட்டமே எழுதிப் பார்த்தது. அது தன் அதிகாரத்தை மீறுகிறது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் ஒப்புதல் தர மறுத்துவிட்டது. அதோடு அந்த ஆசை அடங்கியது.

அவர் நாள்கள் கழிந்தது குழுக்களில். கல்விக்கு ஒரு குழு, சுகாதாரத்துக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று, பொதுக் கணக்குக்கு ஒன்று. பெரிய கட்சியின் உறுப்பினர் என்றால் இரண்டு மூன்று குழுவோடு முடிந்துவிடும். ஒற்றை உறுப்பினர் கட்சிக்காரர் எல்லாவற்றிலும் இருக்க வேண்டியவர், ஆனால் ஒரே காலையில் மூன்று குழு கூடும். ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவார். அவையில் பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். நான் எழுதிக் கொடுக்கும் பேச்சுகளை ஓர் உறுப்பினர் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் வாசித்துப் பார்ப்பார். மனைவி "நேரம் ஆயிற்று" என்றதும் எந்த வாக்கியத்தில் நிற்கிறாரோ அதற்குப் பிறகு உள்ளதையெல்லாம் அடித்துவிடுவார். பேச்சைத் தொடங்கும்போது "வணக்கம்" என்று மட்டும் தமிழில் சொல்வது அவர் வழக்கம். முதல் முறை சொன்ன அன்று, பதிவேடு எழுதுகிறவர்கள் எங்கள் அறைக்குத் தொலைபேசியில் அழைத்து அந்தச் சொல்லுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். அவரே வாங்கி நிதானமாகச் சொன்னார். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு, மதிக்கப்பட வேண்டிய சமூக மொழிகள் என்ற வரிசையில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த வரி அவருக்கு மனப்பாடம்.

குழு வேலையில் எனக்கு மதிப்பு உள்ளது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். நாடாளுமன்றத்தில் மாகாணங்களைப் பாதிக்கும் மசோதா வந்தால், மாகாணச் சட்டமன்றம் ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் தன் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். 2006 வரை இதைப் பலர் சடங்காகவே நடத்தினார்கள். அந்த ஆண்டு அரசியல் சட்ட நீதிமன்றம், மக்களைச் சரியாகக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு சட்டங்களைச் செல்லாது என்றது. ஒன்று பாரம்பரிய மருத்துவர்கள் பற்றியது, மற்றொன்று கருக்கலைப்புச் சட்டத் திருத்தம். அதற்குப் பிறகு ஒரு சாதாரண உறுப்பினர்கூட "இந்த ஊருக்குப் போகவில்லையே" என்று குழுவில் கை தூக்கினால் தலைவர் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார். ஒருமுறை உறுப்பினரின் பெயர் எந்தச் சட்டத்திலும் இருக்காது. ஆனால் இப்படிப்பட்ட கூட்டக் குறிப்புகளில் இருக்கலாம்.

வாரம் முழுவதும் இது. சனிக்கிழமைதான் அசல் வேலை.

தொகுதி இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஆனால் தொகுதி அலுவலகம் உண்டு. கட்சிகள் தங்கள் உறுப்பினர்களுக்கு ஊர்களைப் பிரித்துக் கொடுக்கும். "வணக்கம்" சொல்லும் அந்த உறுப்பினருக்குச் சட்ஸ்வொர்த் கிடைத்தது. நிறவெறி அரசு 1960களில் டர்பன் இந்தியர்களைப் பல இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குவித்த நகர் அது. கடை வரிசையின் மேல் மாடியில் ஓர் அறை, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. அவர் முன்பு பள்ளி ஆசிரியர். அதனால் கணக்கு நோட்டு ஒன்றில் சிவப்புப் பேனாவால் மூன்று பத்தி பிரித்து வைத்திருந்தார். முதல் பத்தி மாகாணம், இரண்டாவது நகராட்சி, மூன்றாவது மத்திய அரசு. வருகிறவர் குறையைக் கேட்டு எந்தப் பத்தி என்று எழுதுவார்.

நான் உடன் இருந்த ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். முதலில் வந்தது மின்கட்டணம், நகராட்சிப் பத்தி. அடுத்து முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒருவர், மத்திய அரசு. அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு தப்பு, மத்திய அரசு. தெருவிளக்கு, நகராட்சி. திருட்டு, காவல் நிலையம் எடுக்கவில்லை, மத்திய அரசு. பன்னிரண்டு மணிவரை முதல் பத்தி வெறுமையாகவே இருந்தது. பிறகு எண்பது வயது இருக்கும் ஓர் ஆயா, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கண் அறுவைக்கு மருத்துவமனையில் கொடுத்த தேதி மூன்றாவது முறையாகத் தள்ளிப் போய்விட்டது. இங்கே பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும், "தம்பி", "ஐயோ", "சாமி" மட்டும் தமிழில் வந்து விழும். "தம்பி, அடுத்த புரட்டாசிக்கு விளக்கு எனக்குத் தெரியுமா, தெரியாதா, அதை மட்டும் சொல்" என்றார். அரசு மருத்துவமனை மாகாணத்தின் கையில் உள்ளது. உறுப்பினர் முதல் பத்தியில் எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், வகுப்பில் ஒரு பையன் கடைசியாகச் சரியான விடை சொன்னால் ஆசிரியர் சிரிப்பாரே, அப்படி.

மற்ற இரண்டு பத்தியையும் அவர் தள்ளிவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தன் அதிகாரத்தில் இல்லை என்று முதலில் தெளிவாகச் சொல்வார், பிறகு எப்படியும் தொலைபேசியை எடுப்பார். திங்கட்கிழமை காலை பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் 80 கிலோமீட்டரும் அவருக்கு இந்த அழைப்புகள்தான். உங்கள் ஊர் சட்டமன்ற உறுப்பினரின் இடத்தில் மக்கள் உண்மையில் வைத்துப் பார்ப்பது நகராட்சி வட்டார உறுப்பினரை. அவர்தான் பெயர் சொல்லி வாக்குக் கேட்டு வருகிறவர். மாகாண உறுப்பினர் நகராட்சிக்கும் மத்திய அரசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். சம்பளம் நன்றாகவே இருக்கும், இப்போது ஆண்டுக்குப் பத்து இலட்சம் ராண்டுக்கு மேல். அதனால் யாரும் அவர்மேல் இரக்கப்படுவதில்லை, படவும் தேவையில்லை.

ஒற்றை நாற்காலிக்கு மதிப்பு இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024இல் இங்கே அமைந்த கூட்டணி ஆட்சியின் கணக்கு இது: இன்காதா 15, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 14, ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சி 11, தேசிய சுதந்திரக் கட்சி 1. மொத்தம் 41. எதிரே எம்.கே. 37, பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சி 2, மொத்தம் 39. அந்த ஒருவர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனால் 40க்கு 40. இந்தியர்களின் கட்சி என்று அறியப்பட்ட சிறுபான்மை முன்னணியும் இப்படிச் சிறு எண்ணிக்கையில் இருந்த கட்சிதான். அமிசந்த் ராஜ்பன்சி தொடங்கிய அந்தக் கட்சி 1994இல் ஓர் இடம், பிறகு மூன்று தேர்தலில் இரண்டிரண்டு, அடுத்த இரண்டில் ஒவ்வொன்று என்று தாக்குப்பிடித்து, 2024இல் சட்டமன்றத்தை விட்டே வெளியேறியது. 1994 முதல் 2019 வரை ஆறு தேர்தலில் வென்றும் எண்ணிக்கை இரண்டைத் தாண்டவில்லை.

கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பெரியப்பா உட்கார்ந்தது காலனி காலத்து நேட்டால் சட்டமன்றக் கட்டடத்தில். வாசலில் விக்டோரியா ராணி சிலை நிற்கிறது. 1894இல் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவை நிறைவேற்றியது அந்தக் காலனிச் சட்டமன்றம்தான். காந்தி கையெழுத்துத் திரட்டி இலண்டனுக்கு மனு அனுப்பினார், அந்த மசோதா நின்றது. இரண்டு ஆண்டு கழித்து 1896இல், இந்தியர் என்ற சொல்லே இல்லாமல் வேறு வார்த்தையில் எழுதி அதையே மறுபடி நிறைவேற்றிவிட்டார்கள். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தம்பி கரும்புத் தோட்டத்தில் இருந்த காலம் ஏறக்குறைய அதுவாக இருக்கும். 1860 முதல் 1911 வரை கப்பலில் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல், அதில் வட ஆர்க்காட்டுக்காரர்கள் ஏராளம். எங்கள் உறுப்பினர் பதவியேற்ற அன்று குடும்பத்தோடு அந்தச் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். பெயரனை ராணியின் காலடி மேடையில் உட்கார வைத்திருந்தார். இறக்கச் சொல்லிக் காவலர் வருவதற்குள் படம் எடுத்தாகிவிட்டது.

பதவி போன பிறகு என்ன ஆகும் என்றும் கேட்பீர்கள். நான் பார்த்தவர்களில் ஒருவர் அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வட்டாரத்தில் நின்றார். ஒருவர் கோயில் அறங்காவலர் குழுவுக்குப் போய்ச் சட்டமன்றத்தில் பார்க்காத அரசியலை அங்கே பார்த்தார். சட்ஸ்வொர்த் உறுப்பினருக்கு அடுத்த பட்டியலில் விரலுக்கு மேலே பெயர் இல்லை. கட்சி அறையைக் காலி செய்யச் சொன்னது. ஆறு நாற்காலியும் அவர் சொந்தக் காசில் வாங்கியவை என்பதால் வீட்டுக் கார் கொட்டகைக்கு வந்தன. அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே இரண்டு பேர் கேட்டைத் தட்டினார்களாம். மனைவிக்குக் கோபம். ஆனாலும் அவர்தான் தேநீர் போட்டார்.

ஆகவே நீங்கள் டர்பனுக்குப் பேசும்போது "ஏன் தோற்றீர்கள்" என்று கேட்காதீர்கள். பட்டியலில் முதல் முறை எத்தனையாவது, இரண்டாம் முறை எத்தனையாவது, அந்த இரண்டு தேர்தலிலும் கட்சிக்கு எத்தனை இடம் என்று கேளுங்கள். இந்த நான்கு எண் கிடைத்தால் அவர் போன கதை முழுவதும் தெரிந்துவிடும். அவர் அவையில் பேசியது சட்டமன்றப் பதிவேட்டில் இருக்கும், எந்தக் குழு, எந்த ஆண்டு என்று சொன்னால் நூலகத்தில் தேடுவது எளிது. சனிக்கிழமை நோட்டு ஏதாவது வைத்திருந்தாரா என்பதையும் கேட்டுப் பாருங்கள். இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஈரக்காற்று ஊரில் காகிதம் சீக்கிரம் போய்விடும். நான் சொன்னவருடைய நோட்டில் அந்த ஆயாவின் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு சரிக்குறி இருக்கிறது, பக்கத்தில் தேதி, புரட்டாசிக்குப் பதினோரு நாள் முன்பு.